கொடி தாங்கி நின்ற ஓட்டவீரர்



தை பிறந்து பாடசாலைகள் தொடங்கியதும் எங்கள் குடாநாட்டில் ஒரு பருவம் வருவதை நீங்கள் அறிவீர்கள். பிள்ளைகள் பின்னேரங்களில் வெயிலில் கறுத்து, காலெல்லாம் புழுதியோடு வீட்டுக்கு வருவார்கள். இல்ல மெய்வல்லுநர் போட்டிக்குப் பயிற்சி என்பார்கள். போட்டி நாளன்று மைதானத்தில் சுண்ணாம்புக் கோடுகள் பளிச்சிடும். இல்லக் கூடாரங்கள் சோடிக்கப்பட்டிருக்கும். பாண்ட் வாத்தியம் முழங்க, அணிநடை தொடங்கும். ஒவ்வோர் இல்லத்துக்கும் முன்னால் ஒரு மாணவன் கொடியை நெஞ்சோடு நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நடப்பான். அதன்பின் தீபம் ஏற்றப்படும். சத்தியப்பிரமாணம் எடுக்கப்படும்.

இந்தத் தொடக்க விழாவை நம்மில் பலர் வெறும் சடங்காகவே எண்ணுகிறோம். பெற்றோரிற் சிலர் அது முடிந்த பிறகே மைதானத்துக்கு வருவார்கள். தம் பிள்ளை எந்த ஓட்டத்துக்கும் தெரிவாகவில்லை என்றால், வெயிலில் நடந்து என்ன பயன், ரியூசனுக்காவது போகட்டும் என்று மறித்துவிடுகிறவர்களும் உண்டு. வெற்றிக்கிண்ணம் வீட்டுக்கு வந்தால்தான் விளையாட்டு என்ற எண்ணம் நமக்குள்ளே மெல்ல மெல்ல ஊறிவிட்டது.

அப்படி எண்ணுகிறவர்களுக்காகவே இன்று ஒரு மனிதரின் வாழ்க்கையைச் சொல்லப் போகிறேன். அவர் யாழ்ப்பாணத்தவர் அல்லர். நமது திருச்சபையின் பீடத்தில் வைத்து வணங்கப்படும் புனிதரும் அல்லர். ஆனால் இந்தத் தீவின் முதலாவது ஒலிம்பிக் பதக்கத்தை வென்றவர். அவர் பெயர் டங்கன் வைற்.

களுத்துறைப் பகுதியிலுள்ள லத்பந்துர என்ற ஊரில் 1918ஆம் ஆண்டு மார்ச் மாதம் 1ஆம் திகதி அவர் பிறந்தார். கண்டி திரித்துவக் கல்லூரியில் படித்தார். அங்கேதான் அவருடைய கால்களின் வலிமை வெளிப்பட்டது. அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது 400 மீற்றர் தடைதாண்டி ஓட்டம். சட்டவேலி ஓட்டம் என்று நம் பாடசாலைகளில் சொல்வார்களே, அதில் மிக நீளமானது இதுதான். மைதானத்தை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி வரவேண்டும். வழியில் மூன்று அடி உயரமான பத்துத் தடைகள் நிற்கும். முதலாவது தடைக்கு 45 மீற்றர் ஓடவேண்டும். அதன்பின் ஒவ்வொரு தடைக்கும் இடையே 35 மீற்றர். வேகம் மட்டும் இருந்தால் போதாது. காலடிகளை எண்ணி, மூச்சை அளந்து ஓடவேண்டும். முதற் பாதியில் அவசரப்படுகிறவன் கடைசி இரண்டு தடைகளிலும் அதற்கான விலையைக் கொடுப்பான்.

வாலிப வயதில் வைற் தன்னுடைய ஆற்றலின் உச்சத்துக்கு ஏறிக்கொண்டிருந்தபோது உலகம் போருக்குள் விழுந்தது. 1940ஆம் ஆண்டில் ஒலிம்பிக் நடைபெறவில்லை. அப்போது அவருக்கு 22 வயது. 1944ஆம் ஆண்டிலும் நடைபெறவில்லை. அப்போது 26 வயது. ஓர் ஓட்டவீரனின் வாழ்க்கையில் இவைதான் பொன்னான ஆண்டுகள். வைற் இலங்கை இலகு காலாட்படையில் சேர்ந்து சீருடை அணிந்தார். போர் முடிந்து மீண்டும் ஒலிம்பிக் வந்தபோது அவருக்கு முப்பது வயது நிறைந்துவிட்டது. அந்த வயதில் பலர் ஓட்டச் சப்பாத்துகளைக் கழற்றி வைத்துவிடுவார்கள். அவர் கழற்றவில்லை.

1948ஆம் ஆண்டு பெப்ரவரி 4ஆம் திகதி இலங்கை சுதந்திரம் பெற்றது. ஆறு மாதங்கள்கூட ஆகவில்லை. ஜூலை 29ஆம் திகதி, வியாழக்கிழமை, லண்டன் வெம்பிளி மைதானத்தில் ஒலிம்பிக் போட்டி தொடங்கியது. நமது தீவு கலந்துகொண்ட முதலாவது ஒலிம்பிக் அதுதான். ஓட்டவீரர்களும் குத்துச்சண்டை வீரர்களுமாகப் பத்துப் பேருக்கும் குறைந்த ஒரு சிறிய அணி. அந்த அணிக்கு முன்னால் கொடியைத் தாங்கி நடக்கும் பொறுப்பு டங்கன் வைற்றிடம் ஒப்படைக்கப்பட்டது.

வாசகர்களே, அந்த நாளைச் சற்று மனக்கண்ணால் பாருங்கள். இன்றைய ஒலிம்பிக்கின் ஆடம்பரங்களை நினைக்காதீர்கள். லண்டன் நகரம் அப்போதும் குண்டுவீச்சின் காயங்களோடு இருந்தது. உணவுப் பொருட்கள் பங்கீட்டு அட்டைக்குத்தான் கிடைத்தன. புதிய மைதானம் கட்டப் பணம் இருக்கவில்லை. ஏற்கெனவே இருந்த வெம்பிளி மைதானத்தில் ஓடுபாதை ஒன்றை இட்டார்கள். வீரர்களைத் தங்கவைக்கப் புதிய விடுதிகள் கட்டப்படவில்லை. படைமுகாம்களிலும் கல்லூரி விடுதிகளிலும் கட்டில்கள் போடப்பட்டன. ஜெர்மனிக்கும் யப்பானுக்கும் அழைப்பு அனுப்பப்படவில்லை. போரின் கசப்பு இன்னும் ஆறவில்லை.

அப்படியிருந்தும் 59 நாடுகளிலிருந்து 4,000க்கும் மேற்பட்ட வீரர்கள் வந்தார்கள். பார்வையாளர்கள் 80,000க்கும் மேல். அன்று லண்டனில் அபூர்வமான வெயில். நம் ஊர்ப் பங்குனி வெயிலைப் போலக் காய்ந்தது. மரபுப்படி கிரேக்க நாட்டவர் முதலில் நுழைந்தார்கள். மற்ற நாடுகள் ஆங்கில அகரவரிசையில் தொடர்ந்தன. அந்த வரிசையில் கனடாவுக்கு அடுத்து இலங்கை. வரிசையின் முற்பகுதியில் நுழைந்தவர்கள் கடைசி நாடு வந்து சேரும்வரை புல்தரையில் வெயிலில் நிற்கவேண்டும். இந்தியாவும் பாகிஸ்தானும் பர்மாவும் சுதந்திர நாடுகளாக முதன்முதல் நடந்துவந்த விழாவும் அதுவே. இந்தியாவின் கொடியை ஏந்தி வந்தவர் உதைபந்தாட்ட அணியின் தலைவரான நாகர் இனத்து வைத்தியர் ரலிமெரன் ஆவோ. ஆசியாவின் புதிய நாடுகள் உலகத்தின் முற்றத்தில் ஒன்றாக வந்து நின்ற நாள் என்று அதைச் சொல்லலாம்.

விழாவில் ஏற்பாட்டுக் குழுவின் தலைவராக நின்றவர் பேர்லி பிரபு. 1928ஆம் ஆண்டு அம்ஸ்ரடாம் ஒலிம்பிக்கில் 400 மீற்றர் தடைதாண்டி ஓட்டத்தில் தங்கம் வென்றவர் அவர்தான். வைற் ஓடவிருந்த அதே ஓட்டத்தின் முன்னாள் வீரர்! அவருடைய அழைப்பை ஏற்று ஆறாம் ஜோர்ஜ் மன்னர் போட்டியைத் திறந்துவைத்தார். ஆயிரக்கணக்கான புறாக்கள் பறக்கவிடப்பட்டன. பீரங்கிகள் முழங்கின. ஜோன் மார்க் என்ற இளைஞர் தீபத்தை ஏந்திக்கொண்டு ஓடிவந்து ஏற்றினார். யோர்க் நகர அங்கிலிக்கன் பேராயர் அர்ப்பண உரை நிகழ்த்தினார். அல்லேலூயாப் பாடல் முழங்கியது. கசப்பு மறவாத ஓர் உலகம், சில நிமிட நேரமாவது ஆலயத்தில் நிற்பதுபோல் நின்றது.

அதன்பின் வீரர்களின் சத்தியப்பிரமாணம். கொடி தாங்கியவர்கள் எல்லோரும் மேடையைச் சுற்றி அரைவட்டமாக வந்து நிற்கவேண்டும் என்பது ஒலிம்பிக் முறை. எல்லோர் சார்பிலும் சத்தியம் செய்தவர் டொனால்ட் பின்லே என்ற பிரித்தானிய விமானப்படை அதிகாரி. அவரும் தடைதாண்டி ஓட்டவீரர்தான். 1932இலும் 1936இலும் பதக்கம் வென்ற அவருக்கு அப்போது 39 வயது. சில நாட்களில் தமது ஓட்டத்தின் முதற் சுற்றிலேயே கடைசித் தடையில் இடறி விழுந்து அவர் வெளியேறினார். முறையாக விளையாடுவோம் என்று உலகத்தின் முன் சத்தியம் செய்தவருக்கு வெற்றி கிட்டவில்லை. ஆனால் செய்த சத்தியத்தை அவர் மீறவில்லை. சத்தியம் வேறு, வெற்றி வேறு என்பதை இதைவிடத் தெளிவாக யார் நமக்குக் காட்ட முடியும்?

இங்கேதான் நான் சொல்லவந்த விடயத்துக்கு வருகிறேன். டங்கன் வைற்றின் ஓட்டம் எப்போது தெரியுமா? மறுநாள். ஜூலை 30ஆம் திகதி முதற் சுற்றும் அரையிறுதியும், ஒரே நாளில் இரண்டு ஓட்டங்கள். 31ஆம் திகதி இறுதி ஓட்டம். இந்தக் காலத்தில் மறுநாள் போட்டியுள்ள வீரர்கள் பலர் தொடக்க விழாவுக்கே செல்வதில்லை. கால்கள் களைத்துவிடும் என்று அறையில் ஓய்வெடுக்கிறார்கள். அதில் தவறு காண முடியாது. ஆனால் வைற் அன்று மணிக்கணக்காக வெயிலில் நின்றார். கையில் கொடி. பின்னால் தன்னோடு வந்த ஒரு சில தோழர்கள். அவர்களுக்கும் பின்னால், கண்ணுக்குத் தெரியாமல், ஒரு தீவு முழுவதும்.

அந்த இறுதி ஓட்டத்தில் நின்ற ஆறு பேரையும் பாருங்கள். அமெரிக்கரான றோய் கொக்றன் போர்க்காலத்தில் கடற்படையில் இருந்தவர். இத்தாலியரான ஒற்றாவியோ மிசோனி வட ஆபிரிக்கப் போரில் பிடிபட்டு, ஆண்டுக்கணக்கில் எகிப்தில் போர்க்கைதியாகக் கிடந்தவர். பின்னாளில் ஆடை வடிவமைப்பில் உலகப் புகழ் பெற்றவரும் அவரே. தன்னைச் சிறைப்படுத்திய பிரித்தானியரின் தலைநகரத்திலேயே அவர் ஓட வந்திருந்தார். போர் பறித்துக்கொண்ட வாலிபத்தின் மிச்சத்தை எடுத்துக்கொண்டு அவர்கள் ஓடுகோட்டில் நின்றார்கள்.

கொக்றன் 51.1 செக்கனில் ஓடி முதலாவதாக வந்தார். வைற் 51.8 செக்கனில் இரண்டாவதாக வந்தார். சுவீடன் நாட்டு றூனே லார்சன் 52.2 செக்கனில் மூன்றாவது. அந்த ஒலிம்பிக் தொடங்குமுன் இருந்த ஒலிம்பிக் சாதனையே 52.0 செக்கன்தான். அதையும் தாண்டிய வேகத்தில் ஓடியும் வைற்றுக்குக் கிடைத்தது வெள்ளி. அவர் தோற்றார் என்று யாராவது சொல்ல முடியுமா? வெற்றிமேடையில் இலங்கை என்ற பெயர் முதன்முதலாக ஒலித்தது அன்றுதான். அடுத்த ஒலிம்பிக் பதக்கத்துக்கு இந்தத் தீவு 52 ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. 2000ஆம் ஆண்டில் சிட்னியில் சுசந்திகா ஜயசிங்க 200 மீற்றர் ஓட்டத்தில் அதை வென்றார்.

1950ஆம் ஆண்டு நியூசிலாந்தின் ஓக்லாந்து நகரில் நடந்த பிரித்தானிய சாம்ராச்சிய விளையாட்டுப் போட்டியில் வைற் 440 யார் தடைதாண்டி ஓட்டத்தில் தங்கம் வென்றார். அப்போது வயது 32ஐ நெருங்கிக்கொண்டிருந்தது. அதன்பின் தமக்குக் கிடைத்ததைத் தம்மோடு வைத்துக்கொள்ளாமல் பிறருக்குக் கற்றுக்கொடுக்கும் பணியை மேற்கொண்டார். இங்கிலாந்தில் லவ்பரோ கல்லூரியில் உடற்கல்வி கற்றார். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் உடற்கல்வித் துறையில் பணியாற்றினார். பின்னர் நைஜீரியாவுக்குச் சென்று அங்கும் கற்பித்தார். இறுதிக்காலத்தை இங்கிலாந்தில் கழித்து, 1998ஆம் ஆண்டு ஜூலை 3ஆம் திகதி நனீற்றன் என்ற ஊரில் காலமானார். ஒலிம்பிக் மைதானத்தில் இந்தத் தீவின் கொடியை முதன்முதல் தாங்கிய கரங்கள் தீவுக்கு வெளியே ஓய்ந்தன.

இதை வாசிக்கும்போது உங்களிற் பலருக்குச் சொந்த வீட்டு நினைவு வரலாம். பிறந்த மண்ணுக்காக உழைத்துவிட்டு வேற்று மண்ணில் கண்மூடியவர்கள் எங்கள் குடும்பங்களில் எத்தனை பேர்! ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிசிலும் நம் கல்லறைகள் பெருகியிருக்கின்றன.

கொடி என்ற சொல் எங்கள் நெஞ்சில் எழுப்பும் நினைவுகளும் ஒரே விதமானவை அல்ல. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வைற் ஓடி நான்கு ஆண்டுகளின் பின், 1952ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் திகதி, பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி நகரில் மழைக்கு மத்தியில் ஒலிம்பிக் தொடங்கியபோது, இலங்கை அணியில் பதினேழு வயது யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஒருவர் இருந்தார். இளவாலைக்குப் பக்கத்துப் பெரியவிளானைச் சேர்ந்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். யாழ். மத்திய கல்லூரி மாணவர். உயரம் பாய்தலில் பங்குபற்றினார். 1956இல் மெல்பேணிலும் பாய்ந்தார். 1958ஆம் ஆண்டு மே 24ஆம் திகதி ரோக்கியோவில் மூன்றாவது ஆசிய விளையாட்டுப் போட்டி தொடங்கியது. பத்து ஆண்டுகளுக்கு முன் வெம்பிளிக்கு அழைக்கப்படாத அதே யப்பான் இப்போது விருந்தோம்பும் நாடு. அங்கே எதிர்வீரசிங்கம் 2.03 மீற்றர் உயரம் பாய்ந்து தங்கம் வென்றார். ஆசிய விளையாட்டுப் போட்டியில் இலங்கைக்குக் கிடைத்த முதலாவது தங்கம் அது.

அந்த மே மாத இறுதி நாட்களை நம் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தமிழ் இளைஞர் ஒருவர் நாட்டுக்காகத் தங்கம் வென்ற அதே நாட்களில், அந்த நாட்டிலேயே தமிழர்கள் தாக்கப்பட்டார்கள், வீடுகள் எரிந்தன, உயிர் தப்பியவர்கள் கப்பல்களில் ஏறிக் காங்கேசன்துறையில் வந்து இறங்கினார்கள். கொடியை ஒருவன் உண்மையோடு தாங்குவது ஒன்று. அந்தக் கொடியின் நிழல் எல்லோர்மீதும் விழுகிறதா என்பது வேறொன்று. முதலாவது, தாங்குகிறவனின் கடமை. இரண்டாவது, நாட்டின் கடமை. நாடு தன் கடமையில் தவறியது. அதற்காக, தாங்கியவர்களின் உண்மை பொய்யாகிவிடவில்லை. வைற்றின் வியர்வையும் எதிர்வீரசிங்கத்தின் பாய்ச்சலும் யாராலும் எரிக்க முடியாதவை.

நமது திருச்சபைக்கும் இந்த விளையாட்டரங்குக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்களா? புனித சின்னப்பரை நினைத்துப் பாருங்கள். கொரிந்து நகருக்குப் பக்கத்தில் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பெரிய விளையாட்டு விழா நடப்பது அக்கால வழக்கம். அந்த நகரத்துக் கிறிஸ்தவர்களுக்குத் திருமுகம் எழுதியபோது அவர் ஓட்டப் பந்தயத்தையே உவமையாக எடுத்துக்கொண்டார். வாடிப்போகும் முடிக்காக அவர்கள் இவ்வளவு பாடுபடுகிறார்களே, வாடாத முடிக்காக நாம் எவ்வளவு பாடுபட வேண்டும் என்பது அவருடைய கருத்து.

இன்னுமொன்று. விரைவு, உயர்வு, வலிமை என்று 2021ஆம் ஆண்டுவரை மூன்று சொற்களாலேயே அமைந்திருந்த ஒலிம்பிக் விருதுவாக்கு எங்கே பிறந்தது தெரியுமா? ஒரு கத்தோலிக்கக் கல்லூரியின் விளையாட்டுப் போட்டியில். பாரிஸ் நகருக்கு அருகே ஆர்க்கேய் என்ற இடத்தில் கல்லூரி அதிபராக இருந்த ஆன்றி டிடோன் அடிகளார், புனித சாமிநாதர் சபைக் குருவானவர். 1891ஆம் ஆண்டில் தம் மாணவர்களின் விளையாட்டுப் போட்டியின்போது அந்தச் சொற்களை அவர் முன்வைத்தார். அவருடைய நண்பரான பியர் டி கூபேர்த்தன் பிரபு அவற்றை ஒலிம்பிக் இயக்கத்துக்கு எடுத்துச் சென்றார். இன்று உலகம் முழுவதும் அறிந்த அந்தச் சொற்கள் முதலில் ஒலித்தது பாடசாலைப் பிள்ளைகளின் காதுகளில்தான்.

ஆகவே புனித பத்திரிசியார் கல்லூரி மைதானத்திலோ, இளவாலை புனித ஹென்றியரசர் கல்லூரி மைதானத்திலோ, உங்கள் ஊர்ப் பாடசாலையின் சிறிய வளவிலோ நடக்கும் அணிநடையை அற்பமாக எண்ணாதீர்கள். கொடி ஏந்திய பிள்ளைக்குப் பின்னால் நாற்பது, ஐம்பது பிள்ளைகள் நடக்கிறார்கள். அவர்களிற் பரிசு பெறப்போகிறவர்கள் ஒரு சிலரே. மற்றவர்கள் ஏன் நடக்கிறார்கள்? நான் இந்த இல்லத்தைச் சேர்ந்தவன், என் தோழனின் வெற்றியில் எனக்கும் பங்குண்டு, அவன் விழுந்தால் அந்த வலியிலும் எனக்குப் பங்குண்டு என்று சொல்லாமற் சொல்லி நடக்கிறார்கள். ஒரே உடலின் பல உறுப்புகள் என்று ஞானோபதேச வகுப்பில் நாம் படித்ததை அவர்கள் காலால் நடந்து காட்டுகிறார்கள்.

டங்கன் வைற் வெள்ளிப் பதக்கம் வென்றதனால் அவரை நினைக்கிறோம். அது நியாயம். ஆனால் 1948 ஜூலை 29ஆம் திகதி மாலை, பதக்கம் எதுவும் இல்லாத நேரத்தில், நாளை வெல்வேனா தோற்பேனா என்பது தெரியாத நிலையில், தனக்குச் சொந்தமல்லாத ஒன்றை எல்லோருக்குமாகத் தாங்கி அவர் வெயிலில் நின்றாரே, அந்த நிற்றல் பதக்கத்துக்குக் குறைந்ததல்ல. பெற்றோராகிய நீங்களும் அப்படித்தான் நிற்கிறீர்கள். பிள்ளை நாளை என்னவாவான் என்பது தெரியாமலே இன்று அவனைத் தாங்குகிறீர்கள். நோயாளியின் கட்டிலருகில் விழித்திருக்கும் மகளும், ஞாயிறுதோறும் ஆலயத்தைக் கூட்டித் துடைக்கும் அன்னையும், பலன் தெரியாமலே தாங்கி நிற்கிறவர்கள்தான். அவர்களுக்கு மேடையும் இல்லை, பதக்கமும் இல்லை. ஆண்டவருடைய கணக்கில் அவர்கள் விடுபடுவதும் இல்லை.

எனவே, அடுத்த தை மாதத்தில் உங்கள் பிள்ளையின் பாடசாலையிலிருந்து விளையாட்டுப் போட்டி அழைப்பிதழ் வரும்போது ஒன்று செய்யுங்கள். சற்று முன்னதாகவே செல்லுங்கள். அணிநடை தொடங்குமுன் போய் அமருங்கள். கொடி உங்களைக் கடக்கும்போது எழுந்து நில்லுங்கள். வரிசையின் கடைசியில், கால் பிந்தி, வெட்கத்தோடு நடந்துவரும் அந்தச் சின்னப் பிள்ளைக்கும் சேர்த்துக் கைதட்டுங்கள். மாலையில் பிள்ளை வீடு திரும்பியதும், எத்தனையாம் இடம் என்று கேட்குமுன், அணியில் நன்றாக நடந்தாயா என்று கேளுங்கள். அந்தக் கேள்வியை அந்தப் பிள்ளை வாழ்நாள் முழுவதும் மறக்காது.